எம்டன் டிரெட்நாட் கப்பலா? – வாசகர் கேள்வி பதில்

முதல் உலகப் போரின்போது எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னையின் மீது குண்டு வீசியதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தக் காலத்துப் பெரும் போர்க்கப்பல்களைப் பற்றியே கேட்டிருந்ததால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

*ஐயா, எம்டன் ஒரு டிரெட்நாட் வகைக் கப்பல் என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரிதானா?*
– ஓய்வு பெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

சரியன்று, ஆனால் தங்கள் தாத்தாவைக் குறை சொல்வதற்கில்லை. ஒரே இரவில் ஒரு பட்டணத்தையே கிலி பிடிக்கச் செய்த கப்பல் மிகப் பெரியதாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் நாம் சொல்வதற்குக் காரணமான அந்தக் கப்பல், உண்மையில் ஒரு சிறிய குரூஸர், அதாவது வேகமாக ஓடும் இலகுவான போர்க்கப்பல் மட்டுமே. எடை ஏறத்தாழ 3,650 டன், பத்து பீரங்கிகள், ஒவ்வொன்றின் வாய் விட்டமும் பத்தரை சென்டிமீட்டர். பிரிட்டனின் பெரும் போர்க்கப்பலான டிரெட்நாட்டோ 18,000 டன்னைத் தாண்டியது. அதன் பத்துப் பெரும் பீரங்கிகளும் பன்னிரண்டு அங்குல விட்டம் கொண்டவை.

இந்த வேறுபாட்டை ஒரு கணக்கில் காட்டலாம். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து எம்டன் சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. ஒரு குண்டின் எடை சுமார் 17 கிலோ என்று கொண்டால், அந்த இரவு முழுவதும் சென்னையை நோக்கிப் பாய்ந்த இரும்பின் எடை 2,200 கிலோ அளவில் வரும். டிரெட்நாட் தன் ஒரு பக்கமாகத் திருப்பக்கூடிய எட்டு பீரங்கிகளையும் ஒரே ஒரு முறை சுட்டால், குண்டுக்கு 386 கிலோ வீதம், 3,000 கிலோவுக்கு மேல் பறந்துவிடும். சென்னை அன்று கண்டது டிரெட்நாட்டின் ஒரு மூச்சுக்கும் குறைவு.

விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அன்று எம்டனில் இருந்தார் என்ற செய்தியையும் தாங்கள் கடிதத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பல மேடைகளில் சொல்லப்பட்டுப் பழகிவிட்ட கதை அது. அந்தச் சமயத்தில் அவர் ஐரோப்பாவில் இருந்தார்.

*டிரெட்நாட் என்பது ஒரு கப்பலின் பெயரா, ஒரு வகையின் பெயரா? அது ஏன் உலகையே மாற்றியது என்கிறார்கள்?*
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

முதலில் ஒரு கப்பலின் பெயராக இருந்து, பின்பு அந்த வகைக்கே பெயராகியது. ‘எதற்கும் அஞ்சாதது’ என்பது அதன் பொருள். பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைப் பொறுப்புக்கு 1904இல் வந்த ஜான் ஃபிஷர், போர்ட்ஸ்மத் தளத்தில் 1905 அக்டோபர் 2ஆம் தேதி அதன் அடிமரத்தை இடச் செய்தார் (அடிமரம் என்பது வழக்குச் சொல்தான், கப்பல் முழுவதும் எஃகு). 1906 பிப்ரவரி 10ஆம் தேதி மன்னர் ஏழாம் எட்வர்ட் அதைக் கடலில் இறக்கினார். அதே ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் அது கடல் சோதனைக்குப் புறப்பட்டுவிட்டது. பெரிய போர்க்கப்பல் ஒன்றைக் கட்டி முடிக்க மூன்று ஆண்டுகள் பிடித்த காலத்தில் ஓராண்டில் முடித்ததற்கு உழைப்பு மட்டுமே காரணமன்று. வேறு இரண்டு கப்பல்களுக்காகச் செய்யப்பட்டுவந்த பீரங்கி மேடைகளை எடுத்து இதில் பொருத்தினார்கள்.

மாற்றம் எதில் என்று கேட்டீர்கள். அதுவரை போர்க்கப்பல்களில் நான்கு பெரிய பீரங்கிகளும், அவற்றுடன் ஆறு அங்குலம், ஒன்பது அங்குலம் எனப் பல அளவுகளில் நடுத்தரப் பீரங்கிகளும் கலந்து இருக்கும். அருகில் நின்று சண்டையிட்ட நாளில் அது பொருந்தியது. சண்டையின் தொலைவு கூடக்கூடச் சிக்கல் வந்தது. ஏழெட்டு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கப்பலைச் சுடும்போது முதல் குண்டிலேயே அடித்துவிட முடியாது. குண்டு கடலில் விழுந்து எழுப்பும் நீர்த்தூணைப் பார்த்து, அது இலக்குக்கு முன்னே விழுந்ததா, தாண்டி விழுந்ததா என்று கணித்து, பீரங்கியின் ஏற்றத்தைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ அடுத்ததைச் சுட வேண்டும். பல அளவுப் பீரங்கிகள் ஒரே நேரத்தில் சுட்டால் எந்த நீர்த்தூண் எந்தப் பீரங்கியுடையது என்று பிரித்தறிய இயலாது. எல்லாம் ஒரே அளவாக இருந்து, ஒன்றாகச் சேர்ந்து சுட்டால், அவற்றின் நீர்த்தூண்கள் ஒரு கொத்தாக எழும். அந்தக் கொத்து இலக்கின் முன்னும் பின்னும் விழும்படி செய்துவிட்டால் குறி அகப்பட்டுவிட்டது என்று பொருள். டிரெட்நாட்டின் அடிப்படை இந்தக் கணக்குதான். பீரங்கி பெரியது என்பதைவிட, பீரங்கிகள் ஒரே அளவின என்பதே அதன் புதுமை.

இரண்டாவது புதுமை டர்பைன். பிஸ்டன் மேலும் கீழும் இடித்துக்கொண்டு ஓடும் பழைய எந்திரத்துக்குப் பதிலாக, சார்ல்ஸ் பார்சன்ஸ் உருவாக்கிய நீராவிச் சுழலி பொருத்தப்பட்ட முதல் பெரும் போர்க்கப்பல் இது. வேகம் 21 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர்.

இதன் விலையையும் சொல்லிவிடுகிறேன். சுமார் 17 லட்சத்து 84 ஆயிரம் பவுன். ஒரு பவுனுக்குப் பதினைந்து ரூபாய் என்ற அன்றைய மதிப்பில் 2 கோடியே 67 லட்சம் ரூபாய்க்கு மேல். அந்த 1906ஆம் ஆண்டில்தான் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்குக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள், மொத்த மூலதனம் பத்து லட்சம். ஒரு டிரெட்நாட்டின் விலையில் அப்படிப்பட்ட கம்பெனிகள் இருபத்தாறு நடத்தியிருக்கலாம்! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளில் எனக்குச் சிறிது நேரம் வேறு வேலை ஓடவில்லை.

*இவ்வளவு பெரிய கப்பல் நம் கரைக்கு வந்தால் எங்கே நிற்கும்?*
– மீன்பிடித் தொழில் செய்பவர், தேவனாம்பட்டினம்

கரைக்கு வராது. முழுச் சுமையுடன் அதன் அடிப்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ ஒன்பது மீட்டர் ஆழத்தில் இருக்கும். சரக்குக் கப்பல்களே கடலூரில் தொலைவில் நங்கூரமிட்டுத் தோணிகள் வழியாகச் சரக்கை இறக்கின என்பதும், புதுச்சேரியில் சலங்கு என்னும் படகுகள் அலையைக் கடந்து ஆட்களைக் கொண்டுவந்தன என்பதும் தங்களுக்குத் தெரிந்ததே. இதுவும் அப்படியே எட்ட நின்றிருக்கும். எட்ட நிற்பதில் அதற்குக் குறையொன்றும் இல்லை. 1915இல் சேவைக்கு வந்த குவீன் எலிசபெத் வகைக் கப்பல்களின் பதினைந்து அங்குலப் பீரங்கி ஏறத்தாழ 22 கிலோமீட்டர் எட்டக்கூடியது. புதுச்சேரிக் கடற்கரையிலிருந்து கடலூர் ஏறத்தாழ அவ்வளவு தூரம்தான்.

போர் நடந்தபோது இந்தியக் கடலில் பிரிட்டிஷ் படையின் தலைமைக் கப்பலாக இருந்தது ஸ்விஃப்ட்ஷுர் என்ற பழைய வகைப் போர்க்கப்பல். இந்தியப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குக் காவலாகச் செல்வது அதன் வேலை. டிரெட்நாட்களை வடகடலிலிருந்து நகர்த்த பிரிட்டனுக்குத் துணிவில்லை.

*துணிவில்லை என்று எழுதியிருந்தால் விளக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். இத்தனை செலவழித்துக் கட்டிய கப்பல்கள் முதல் உலகப் போரில் என்னதான் செய்தன?*
– வங்கி ஊழியர், புதுச்சேரி

என் பத்தியை நான் எழுதுவதற்கு முன்பே படித்துவிடும் வாசகர் இவர்! பல மாதங்களாக இவரிடம் அகப்பட்டுக்கொண்டுதான் எழுதிவருகிறேன்.

பெரும்பாலும் காத்திருந்தன என்பதே நேர்மையான பதில். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகளுக்கு நடுவில் உள்ள ஸ்காபா ஃப்ளோ என்ற இயற்கைத் துறைமுகத்தில் பிரிட்டிஷ் பெரும்படை நங்கூரமிட்டு, ஜெர்மனியின் கடல்வழியை அடைத்துக்கொண்டிருந்தது. ஜெர்மன் துறைமுகங்களின் வாயிலில் போய் நின்று முற்றுகையிடவில்லை. நின்றிருந்தால் கண்ணிவெடிகளும் நீர்மூழ்கிகளும் விட்டுவைத்திருக்கா. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி காலையில், அதாவது எம்டன் சென்னைக்கு வந்த அதே நாளில், ஓட்டோ வெடிகன் என்ற ஜெர்மன் தளபதி யூ-9 என்ற ஒரே நீர்மூழ்கியால் அபூகிர், ஹோக், கிரெஸி என்ற மூன்று பிரிட்டிஷ் குரூஸர்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் மூழ்கடித்தார். 1,400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நமக்கு அந்தத் தேதி எம்டனின் தேதி. கடற்படை வரலாற்றில் அது வெடிகனின் தேதி.

அடுத்த மாதமே, அக்டோபர் 27ஆம் தேதி, அயர்லாந்தின் வடக்குக் கடலோரத்தில் ஆடேஷியஸ் என்ற புத்தம்புது டிரெட்நாட் ஒரு கண்ணிவெடியில் மோதி மூழ்கியது. பயணிகள் கப்பலான ஒலிம்பிக் – டைட்டானிக்கின் உடன்பிறப்பு – அதை இழுத்துச் செல்ல முயன்று தோற்றது. அந்தக் கப்பலின் பயணிகள் கண்ணால் கண்ட பிறகும், போர் முடியும்வரை அந்த இழப்பை பிரிட்டன் அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளவில்லை. கோடிக்கணக்கில் விலையுள்ள கப்பலை ஒரு சாதாரண வெடிப்பெட்டி கவிழ்த்துவிடும் என்பது தெரிந்த பிறகு, அவற்றை வெளியே அனுப்பும் ஒவ்வொரு தளபதிக்கும் கை நடுங்கியது. அஞ்சாதது என்று பெயர் வைத்தார்கள்; அதை வைத்திருந்தவர்கள்தாம் அஞ்சினார்கள்.

டிரெட்நாட்கள் அணி அணியாக எதிரெதிரே நின்று மோதிய பெரும்போர் ஒன்றே ஒன்று: 1916 மே 31ஆம் தேதி, டென்மார்க்குக்கு மேற்கே நடந்த ஜட்லாண்டு போர். பிரிட்டன் தரப்பில் ஜெல்லிகோவின் தலைமையில் 28 டிரெட்நாட்கள் உள்பட 151 கப்பல்கள். ஜெர்மன் தரப்பில் ஷீரின் தலைமையில் 16 டிரெட்நாட்கள் உள்பட 99 கப்பல்கள். முதலில் மோதியவை இரு தரப்பின் முன்னணியில் சென்ற பேட்டில்குரூஸர்கள். அவை டிரெட்நாட் அளவுப் பீரங்கி கொண்டவை. வேகத்துக்காகக் கவசத்தைக் குறைத்துக்கொண்டவை. இண்டிஃபேட்டிகபிள், குவீன் மேரி, பிறகு மாலையில் இன்வின்சிபிள் ஆகிய மூன்றும் வெடித்துச் சிதறின. ஒவ்வொன்றிலும் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டனர். இன்வின்சிபிளில் பிழைத்தவர்கள் ஆறே பேர். கவசம் மெலிந்ததை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மையே. வேகமாகச் சுட வேண்டும் என்பதற்காக வெடிமருந்து மூட்டைகளைப் பாதுகாப்புக் கதவுகளுக்கு வெளியே குவித்து வைத்திருந்ததும், பீரங்கி மேடையில் பற்றிய தீ வெடிமருந்து அறைவரை தடையின்றி இறங்கியதும்தான் அக்கப்பல்களைக் கொன்றன என்பது என் கருத்து. ஜெர்மனியருக்கு முந்தைய ஆண்டில் நடந்த டாகர் பேங்க் சண்டையிலேயே இப்படி ஒரு விபத்து நேர்ந்து, அவர்கள் பாடம் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் ஷீரின் அணி வடக்கே துரத்திச் சென்று, தனக்கு முன்னே ஜெல்லிகோவின் முழுப் படையும் குறுக்கே வரிசை கட்டி நிற்பதைத் திடீரென்று கண்டது. குறுக்கே நிற்பவன் தன் எல்லாப் பீரங்கிகளையும் பயன்படுத்தலாம். நேரே வருபவன் முன்பக்கத்துப் பீரங்கிகளை மட்டுமே பயன்படுத்த முடியும். ஷீர் தன் கப்பல்கள் அனைத்தையும் ஒரே நேரத்தில் திருப்பி மூட்டத்துக்குள் மறைந்தார். மீண்டும் வந்து மீண்டும் அதே வலையில் மாட்டி, மீண்டும் திரும்பினார். அப்போது நீருக்கடியில் பாய்ந்து வெடிக்கும் டார்பிடோக்களைச் சுமந்த ஜெர்மன் படகுகள் பாய்ந்துவர, ஜெல்லிகோ துரத்தாமல் தன் வரிசையை விலக்கிக்கொண்டார். இதற்காக அவரைக் கோழை என்றவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. தோற்றால் ஒரே பிற்பகலில் நாட்டையே இழக்கக்கூடிய நிலையில் இருந்தவர் அவர். வென்றாலோ, ஏற்கெனவே கையில் இருந்த முற்றுகைக்கு மேல் பெரிதாக எதுவும் கிடைத்திருக்காது.

பிரிட்டன் இழந்தது 14 கப்பல்கள், 6,094 உயிர்கள். ஜெர்மனி 11 கப்பல்கள், 2,551 உயிர்கள். ஆனால் இரு தரப்பிலும் டிரெட்நாட் வகைப் போர்க்கப்பல் ஒன்றுகூட அன்று மூழ்கவில்லை. எண்ணிக்கையில் வென்ற ஜெர்மன் படை அதன் பின்னர் சில முறையே வெளியே வந்தது. ஜெர்மனியின் நம்பிக்கை நீர்மூழ்கிகளின் பக்கம் சாய்ந்தது. 1917 பிப்ரவரியில் தொடங்கிய கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர் அமெரிக்காவையும் களத்துக்கு இழுத்தது.

ஒரு சிறு செய்தி. ஜட்லாண்டில் காலிங்வுட் என்ற டிரெட்நாட்டின் பீரங்கி மேடையில் இருபது வயது இளம் அதிகாரியாக இருந்தவர் இளவரசர் ஆல்பர்ட். பிற்காலத்தில் ஆறாம் ஜார்ஜ் என்ற பெயருடன் நம் பழைய ரூபாய் நாணயத்தில் தலையாகப் பதிந்தவர் அவரே.

*நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியைக் கொண்டு அந்தக் கப்பலை ஓட்டியிருக்க முடியுமா? விளையாட்டாகக் கேட்கவில்லை.*
– அனல்மின் நிலையத்தில் பணியாற்றியவர், நெய்வேலி

விளையாட்டான கேள்வி அல்லவே. தாங்கள் வேலை பார்த்த டர்பைனும் டிரெட்நாட்டின் டர்பைனும் ஒரே குடும்பம். ஆனால் எரிபொருளில்தான் இடிக்கும். நம் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம்; அதே வெப்பத்துக்குப் பல மடங்கு கரியைச் சுமக்க வேண்டியிருக்கும். சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே மின்நிலையம் அமைப்பதற்குப் பொருத்தமான கரி அது. கப்பலில் ஏற்றிச் செல்வதற்கு அன்று. பிரிட்டிஷ் கடற்படை விரும்பியது வேல்ஸ் நாட்டுக் கரியை. அது கூடுதல் வெப்பமும் குறைந்த புகையும் தரும். புகை குறைவது சுகாதாரத்துக்காக அல்ல. தன் புகையே தன் பீரங்கிக்காரரின் கண்ணை மறைக்கக் கூடாது என்பதற்காக.

டிரெட்நாட்டின் பதினெட்டு கொதிகலன்களுக்காக 2,800 டன்னுக்கு மேல் கரி ஏற்றலாம். அதை ஏற்றும் நாளில் அதிகாரி, மாலுமி என்ற பேதமின்றிப் பெரும்பாலும் கப்பலில் உள்ள அனைவரும் மூட்டை சுமந்து, கரித்தூளில் குளித்து எழுந்தனர். குவீன் எலிசபெத் வகை முழுவதும் எண்ணெய்க்கு மாறியபோது இந்தத் தொல்லை ஒழிந்தது. பதிலுக்கு, சொந்த மண்ணில் எண்ணெய் இல்லாத பிரிட்டன் பாரசீக எண்ணெய்க் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை 1914இல் வாங்கிக்கொண்டது.

*என் தாத்தாவின் அப்பா மலாயா ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவர். மலாயாக்காரர்கள் ஒரு போர்க்கப்பலையே வாங்கிக் கொடுத்தார்கள் என்பது உண்மையா?*
– இல்லத்தரசி, பரங்கிப்பேட்டை

உண்மை. மலாயா என்றே அதற்குப் பெயர். குவீன் எலிசபெத் வகையைச் சேர்ந்தது. கூட்டு மலாய் அரசுகள் அதன் செலவை ஏற்றன. அந்த அரசுகளின் வருமானம் வெள்ளீயத்திலும் ரப்பரிலும் இருந்து வந்தது. ரப்பர்ப் பாலை வடித்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். அவர்களை யாரும் கேட்டுவிட்டுக் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜட்லாண்டில் அந்தக் கப்பல் பலமுறை அடிபட்டது. ஒரு குண்டினால் வெடிமருந்து தீப்பற்றியது. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆயினும் மூழ்காமல் ஊர் திரும்பி, இரண்டாம் உலகப் போரிலும் பணியாற்றியது.

*புதுச்சேரியின் சுஃப்ரேன் வீதிக்கும் போர்க்கப்பலுக்கும் தொடர்பு உண்டு என்று படித்தேன். விளக்க முடியுமா?*
– பள்ளி மாணவர், முத்தியால்பேட்டை

வீதிக்கும் கப்பலுக்கும் பெயர் தந்தவர் ஒருவரே, தம்பி. 1783 ஜூன் 20ஆம் தேதி, கடலூருக்கு எதிரே கடலில், பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் 15 கப்பல்களுடன் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸின் 18 கப்பல்களை எதிர்த்து நின்றார். எந்தக் கப்பலும் மூழ்கவில்லை. ஆயினும் ஹியூஸ் சென்னைக்கு விலகிச் சென்றார். சில நாட்களில், ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்து சேர்ந்தது. கப்பல்கள் நீள வரிசையில் நின்று பக்கவாட்டில் சுடும் அந்தப் பாய்மரக் காலத்து முறையைத்தான், 133 ஆண்டுகள் கழித்து ஜட்லாண்டில் எஃகுக் கப்பல்களும் செய்தன.

அவர் நினைவாகப் பெயரிடப்பட்ட சுஃப்ரேன் கப்பல் 1899இல் நீரில் இறக்கப்பட்டது. டிரெட்நாட்டுக்கு முந்தைய வகை. 1915 மார்ச் 18ஆம் தேதி துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையைக் கட்டாயமாகத் திறக்க பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கப்பல்கள் முயன்றபோது அதுவும் உடன் சென்று பலத்த அடி வாங்கியது. நுஸ்ரத் என்ற சிறு துருக்கிக் கப்பல் சில நாட்களுக்கு முன் இரவில் இட்டுச் சென்ற ஒரே வரிசைக் கண்ணிவெடிகள்தாம் அன்று போரைத் தீர்மானித்தன. பூவே என்ற பிரெஞ்சுக் கப்பல் இரண்டு நிமிடங்களில் அறுநூறு பேருக்கு மேலானவர்களுடன் கவிழ்ந்தது. சுஃப்ரேன் தப்பியது; ஆனால் 1916 நவம்பர் 26ஆம் தேதி, செப்பனிடுவதற்காகத் தாய்நாடு திரும்பும் வழியில், போர்ச்சுகல் கரைக்கு அப்பால் யூ-52 நீர்மூழ்கியின் டார்பிடோவால் தாக்கப்பட்டு, ஒருவர்கூடப் பிழைக்காமல் 648 பேருடன் மூழ்கியது.

கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் பிரெஞ்சிந்தியாவிலிருந்து சென்று 1914–1918 போரில் உயிர்நீத்தவர்களுக்காக எழுப்பப்பட்டது. ஜூலை 14ஆம் தேதி விளக்கேற்றும் மாலையில் அங்கே போனால், சுஃப்ரேன் வீதி வழியாக நடந்து திரும்பு.

*முதல் டிரெட்நாட் கடைசியில் என்ன ஆயிற்று? இப்போது எங்காவது பார்க்க முடியுமா?*
– வாசகர், நெல்லிக்குப்பம்

ஜட்லாண்டு போரின்போது அது பழுதுபார்ப்பில் இருந்தது. ஆகவே தன் பெயரைக் கொண்ட வகையின் ஒரே பெரும்போரை அது காணவில்லை. 1915 மார்ச் 18ஆம் தேதி – டார்டனெல்ஸில் பூவே மூழ்கிய அதே நாளில் – வடக்கு ஸ்காட்லாந்துக் கடலில் யூ-29 என்ற நீர்மூழ்கியை முட்டி மூழ்கடித்தது. அதில் இருந்த தளபதி, முன்பு மூன்று குரூஸர்களை மூழ்கடித்த அதே வெடிகன். பீரங்கிக்காகவே கட்டப்பட்ட கப்பல், தன் பெரும் சாதனையை ஆட்டுக்கடா போல் தலையால் முட்டிச் செய்தது.

டிரெட்நாட் காலத்துக் கப்பல்களில் இன்று மிஞ்சியிருப்பது 1914இல் பணியில் சேர்ந்த அமெரிக்காவின் டெக்சஸ் ஒன்றே. அது அந்த மாநிலத்தின் கால்வெஸ்டனில் செப்பனிடப்பட்டது. முதல் டிரெட்நாட்டை 1921இல் நூற்றுக்கும் மேற்பட்ட பிற கப்பல்களுடன் சேர்த்து, டன் இரண்டரை பவுன் என்று விலை பேசி, காயலான் கடைச் சரக்கைப் போல எடைக்கு விற்றார்கள். 1923இல் ஸ்காட்லாந்தில் அதை உடைத்து முடித்தார்கள்.